வந்து போன காய்ச்சல் உடலில் எதை வைத்துவிட்டுப் போகிறது?

மாரி பிடித்து கார்த்திகை, மார்கழி ஆகும்போது அம்பாறைக் கரையோரத்து வைத்தியசாலைகளில் காய்ச்சல் விடுதிகள் நிறைந்துவிடும். கட்டிலுக்கு மேல் நுளம்பு வலை. கால்மாட்டில், பிள்ளை எவ்வளவு குடித்தது, எவ்வளவு சிறுநீர் போனது என்று மில்லிலீற்றரில் எழுதிய தாள். காலையும் மாலையும் இரத்தப் பரிசோதனை. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று எந்த ஊர் உம்மாவாக இருந்தாலும் வைத்தியரிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் மாறுவதில்லை: "மகனுக்குப் போன வருசமும் டெங்கு வந்த டொக்டர். ஒருக்கா வந்தா இனிப் பெரிசா வராதுதானே?"

நியாயமான கேள்வி. கொப்புளிப்பான் வந்த பிள்ளைக்கு மறுபடி வராது என்று எல்லோருக்கும் தெரியும். சின்னமுத்தும் கூகைக்கட்டும் அப்படித்தான். வாப்பாவும் உம்மாவும் தங்கள் உடம்பில் கண்டறிந்த பாடத்தையே டெங்குவுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். ஆனால் டெங்குவில் வைத்தியர் சொல்ல வேண்டிய விடை நேர்மாறானது: இரண்டாம் முறை வருவதைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒரே உடல், ஒரே நிர்ப்பீடனத் தொகுதி. ஒரு வைரசுக்கு ஆயுட்காலப் பாதுகாப்புத் தரும் அதே உடல், இன்னொரு வைரசுக்கு ஏன் ஆபத்தைத் தேடிக்கொள்கிறது?

இந்தக் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி பிராணிகளின் உடலில் இருந்து வந்தது. மாடு, குரங்கு, சுண்டெலி ஒவ்வொன்றும் விடையின் ஒரு துண்டைத் தந்தன; எந்தப் பிராணியும் முழு விடையைத் தரவில்லை. அந்தத் துண்டுகளில் சில இலங்கையிலேயே, இலங்கையர் கைகளாலேயே கிடைத்தவை. நிர்ப்பீடனம் உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டால் பதில் எப்போதும் பிழைத்துப் போகும் என்பதே அவற்றையெல்லாம் சேர்த்துப் படித்தபின் நான் வந்த முடிவு. எந்த வைரசுக்கு, எந்த அளவில், தொற்றி எத்தனை காலம் சென்றபின் என்ற மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மாட்டிலிருந்து தொடங்கலாம். எருமைத் தயிருக்குப் பெயர்போன கிழக்கில் அதுதான் முறை.

1987இல் திருகோணமலையில் மாடுகளும் எருமைகளும் கூட்டமாகச் சாகத் தொடங்கின. காய்ச்சல், வாய்ப்புண், கண்ணீர், பிறகு நீர்போன்ற கழிச்சல். அது வெக்கை நோய். இலங்கையில் பல பத்தாண்டுகளாக இல்லாதிருந்த நோய், இந்திய அமைதி காக்கும் படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வந்திறங்கியதாக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆடுகளில் அறிகுறி பெரிதாகத் தெரியாது. மாட்டிலும் எருமையிலும்தான் அது கொல்லும். போர்க்காலம். கால்நடை வைத்தியர்கள் போக முடியாத ஊர்கள் இருந்தன. நோய் வடக்கிலும் கிழக்கிலும் பரவி, 1994இல்தான் இலங்கையை விட்டுப் போனது.

வெக்கையிலிருந்து தப்பிய மாட்டுக்கு அது மறுபடி வருவதில்லை. மந்தைக்காரர்கள் நூற்றாண்டுகளாகக் கண்ட உண்மை இது. வைரசில் பல மரபுக் கிளைகள் இருந்தாலும், வைரசைப் பிடிக்க உடல் ஆக்கும் பிறபொருளெதிரிகளின் பார்வையில் எல்லாம் ஒன்றே. ஒரு கிளை தொற்றினால் எல்லாக் கிளைக்கும் ஆயுள் முழுவதும் காப்பு. கென்யாவில் வால்டர் ப்ளோரைட் இந்த இயல்பை நம்பித்தான் வேலை செய்தார். வைரசை ஆய்வுகூடத்தில் கன்றின் சிறுநீரகக் கலங்களில் மீண்டும் மீண்டும் வளர்த்து, நோய் தராத ஆனால் நிர்ப்பீடனம் தரும் வடிவமாக்கினார். ஒரே ஊசி போதுமாயிருந்தது. 2011இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முற்றாக ஒழித்த இரண்டாவது வைரசு நோய் இது. கிழக்கு மாகாணத்து எருமைகள் அந்த வரலாற்றின் கடைசி அத்தியாயங்களில் ஒன்று என்பது நம் பாடப்புத்தகங்களில் இடம்பெற வேண்டிய செய்தி.

சின்னமுத்து வைரசு வெக்கை வைரசின் நெருங்கிய உறவு. அதிலும் இதே ஆயுட்காலக் காப்பைக் காண்கிறோம். 1846இல் வட அத்திலாந்திக் கடலின் பாரோ தீவுகளில் சின்னமுத்து பரவியபோது டென்மார்க்கிலிருந்து போன இளம் வைத்தியர் பீட்டர் பானும் வீடுவீடாக விசாரித்தார். 1781இல் அங்கு வந்த சின்னமுத்தில் பிழைத்த முதியவர்கள் எவருக்கும் அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் நோய் வரவில்லை என்று கண்டார். அந்த இடைக்காலத்தில் அத்தீவுகளில் நோயே இல்லை. ஆகவே மறுபடி மறுபடித் தொற்றித்தான் காப்பு நிலைக்கிறது என்று சொல்லவும் இடமில்லை.

ஆனால் சின்னமுத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அதைக் காட்டியவையும் பிராணிகளே. சின்னமுத்து தன்னைப் பற்றிய நினைவை உடலில் ஆழமாக எழுதும்போது, பிற நோய்களைப் பற்றிய பழைய நினைவை அழிக்கிறது. 2019இல் வெளிவந்த ஆய்வுகளில், தடுப்பூசி போடாத பிள்ளைகளின் இரத்தத்திலும் ரீசஸ் குரங்குகளின் இரத்தத்திலும் சின்னமுத்துக்குப் பின் பழைய பிறபொருளெதிரிகளில் கணிசமான பங்கு காணாமற் போயிருந்தது. குரங்குகளில் அந்த இழப்பு மாதக்கணக்கில் நீடித்தது. சின்னமுத்தின் இன்னொரு உறவான நாய் டிஸ்டெம்பர் வைரசை ஃபெரெட் என்ற சிறு பிராணிக்குத் தொற்ற வைத்தபோது, அது முன்பு பெற்றிருந்த இன்புளுவென்சாக் காப்பை இழந்தது. "சின்னமுத்து வந்து போனால் நல்லதுதான், உடம்பு பலமாகும்" என்று சொல்லித் தடுப்பூசியைத் தட்டிக்கழிப்போருக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

இனி டெங்கு. வெக்கையில் பிராணியே நோயாளி. ஆகவே அதில் காண்பதே உண்மை. டெங்குவில் நோயாளி மனிதன். பிராணியில் காண்பதை மனிதனுக்கு மாற்றிப் படிக்க வேண்டும். எல்லாச் சிக்கலும் அங்கிருந்து தொடங்குகிறது.

டெங்கு வைரசில் நான்கு வகைகள். ஒரு வகை தொற்றினால் அந்த வகைக்கு நீண்டகாலக் காப்பு. மற்ற மூன்றுக்கும்? 1940களில் அல்பர்ட் சேபின் அமெரிக்காவில் தன்னார்வலர்களுக்கு ஒரு வகையைத் தொற்ற வைத்து, பிறகு இன்னொரு வகையைக் கொடுத்துப் பார்த்தார். சில மாதங்களே மற்ற வகையிலிருந்து காப்பு இருந்தது, பிறகு போய்விட்டது. அந்தச் சில மாதங்களுக்குப் பின் என்ன நடக்கும் என்பதுதான் பெரிய கேள்வியாக வளர்ந்தது.

1960களில் பாங்கொக்கில் பிள்ளைகள் டெங்கு இரத்தக்கசிவுக் காய்ச்சலில் இறந்துகொண்டிருந்தார்கள். அங்கு வேலை செய்த அமெரிக்க வைத்தியர் ஸ்கொட் ஹோல்ஸ்டெட் இரண்டு கூட்டங்களைக் கவனித்தார். முதற்கூட்டம், இரண்டாம் முறை தொற்றிய பிள்ளைகள். இரண்டாவது கூட்டம்தான் வியப்பானது: ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தைகள், அதுவும் முதல் தொற்றிலேயே. இந்த இரண்டு கூட்டத்துக்கும் பொதுவானது என்ன? மூத்த பிள்ளைகளிடம் பழைய தொற்றின் பிறபொருளெதிரி இருந்தது. கைக்குழந்தைகளிடம் கர்ப்பத்தில் தாய் கொடுத்த பிறபொருளெதிரி இருந்தது. பிறந்து சில மாதங்கள் அது குழந்தையைக் காத்தது. அளவு குறைந்து ஆறு, ஏழு மாதமானபோது அதுவே ஆபத்தாக மாறியது. காக்க வேண்டிய பொருள் நோயைக் கூட்டுகிறது என்ற ஐயம் அங்கேதான் பிறந்தது.

ஐயத்தைச் சோதிக்க ஹோல்ஸ்டெட் ரீசஸ் குரங்குகளை எடுத்தார். 1973இல் வெளியிட்ட ஆய்வில் குரங்குகளுக்கு ஒரு வகையும் பிறகு இன்னொரு வகையும் தொற்ற வைத்தார். முன்பு வேறு வகை தொற்றியிருந்த குரங்குகளில் டெங்கு-2 அதிகமாகப் பெருகியது. 1979இல் இன்னும் நேரடியாகக் கேட்டார். டெங்கு நிர்ப்பீடனம் உள்ள தாய்மாரின் தொப்புள்கொடி இரத்த நீர்ப்பாயத்தைக் குரங்குகளுக்கு ஏற்றி, பிறகு வைரசைக் கொடுத்தார். சாதாரண நீர்ப்பாயம் ஏற்றிய குரங்குகளோடு ஒப்பிட, இவற்றின் இரத்தத்தில் வைரசு பல மடங்கு கூடியது. ஒரு குரங்கில் ஐம்பது மடங்கு வரை போனது. முந்திய தொற்று இல்லை, தடுப்பூசி இல்லை. ஏற்றியது வெறும் பிறபொருளெதிரி. ஆகவே காரணம் அதுதான்.

ஏன் அப்படி நடக்கிறது என்பதைக் கலத்தின் மட்டத்தில் தெளிவாக்கியவர்களில் ஒருவர் கண்டியில் பிறந்தவர். பேராதனையில் மருத்துவம் படித்து, ஒக்ஸ்போர்டில் ஜேம்ஸ் போர்ட்டர்ஃபீல்டிடம் ஆய்வு செய்த மலிக் பீரிஸ். 1979இல் இருவரும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை, டெங்குவின் உறவான மேற்கு நைல் வைரசைச் சுண்டெலியின் பெருவிழுங்கிக் கலங்களில் வளர்த்துக் காட்டியது. பிறபொருளெதிரி நிறைய இருந்தால் வைரசு அடங்கியது. மிக ஐதாக்கியபோது வைரசு கூடுதலாகப் பெருகியது. 1981இல் தொடர்ந்த கட்டுரை வழியையும் காட்டியது: பெருவிழுங்கிக் கலத்தின் மேற்பரப்பில் பிறபொருளெதிரியின் வாற்பகுதியைப் பிடிக்கும் ஏற்பி உண்டு; அந்த ஏற்பியை அடைத்துவிட்டால் பெருக்கம் நின்றுவிடுகிறது.

கைவிலங்கு சரியாகப் பூட்டாத கள்வனைப் பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே கொண்டுபோய் விட்டது போன்ற நிலை இது. வைரசை முழுதாக மூடப் போதாத பிறபொருளெதிரி, அதைக் கொல்ல வேண்டிய கலத்துக்குள்ளேயே இறக்கிவிடுகிறது. டெங்கு வைரசு விரும்பி வளரும் இடமும் அதே கலம்.

பீரிஸ் பிறகு இலங்கை திரும்பினார். அனுராதபுரத்தில் யப்பானிய மூளையழற்சி பரவியபோது அதை ஆய்ந்தார். பொலன்னறுவைக் குரங்குகளின் இரத்தத்தையும் ஆய்ந்தார். 2003இல் ஹொங்கொங்கில் சார்ஸ் வைரசைக் கண்டறிந்த குழுவின் முன்னோடியாக உலகம் அவரை அறிந்தது. அவரது டெங்குப் பங்களிப்பு நம்மவரிடையே போதிய அளவு பேசப்படவில்லை என்பது எனக்கு வருத்தம்.

பொலன்னறுவைக் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது ஆய்வுகூடக் கூண்டில் நடந்ததல்ல. வொல்ப்காங் டிட்டஸ் 1968 முதல் அந்தப் பழைய நகரின் இடிபாடுகளில் திரியும் செங்குரங்குகளைத் தொடர்ந்து கவனித்து வந்தார். இலங்கைக்கே உரிய குரங்கு இது. அவற்றிடமிருந்து வெவ்வேறு காலங்களில் எடுத்து வைத்த இரத்த மாதிரிகளைப் பிறகு சோதித்தபோது, 1986 ஐப்பசிக்கும் 1987 மாசிக்கும் இடையில் டெங்கு-2 அந்தக் கூட்டத்துக்குள் பரவிச் சென்றது தெரிந்தது. மூன்று சதுர கிலோமீற்றர் பரப்பில் இருந்த குரங்குகளில் 94 வீதத்துக்குத் தொற்றியிருந்தது. ஐந்து கிலோமீற்றர் தள்ளி வாழ்ந்த குரங்குகளுக்குத் தொற்றவே இல்லை. இந்த இரண்டாவது செய்தியைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அலை வந்த இடத்தில் ஏறக்குறைய எல்லா உடலிலும் சுவடு, பக்கத்தில் ஒன்றுமில்லை. ஒரு மாவட்டத்தின் நிர்ப்பீடன நிலையை இன்னொரு மாவட்டத்தின் இரத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஆனால் குரங்கு முழு விடையைத் தராது. அதன் இரத்தத்தில் வைரசு பெருகும். பிள்ளைக்கு வருவது போன்ற நோய் அதற்குப் பொதுவாக வராது. டெங்குவில் பிள்ளையைக் கொல்வது இரத்தக் குழாய்ச் சுவர் வழியாக இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிவது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் அது நடக்கிறது. "காய்ச்சல் விட்டுட்டு, வீட்ட கூட்டிட்டுப் போவம்" என்று குடும்பம் நினைக்கும் அதே நாளில்தான் கால்மாட்டுத் தாளில் எழுதும் எண்களுக்கு உயிர் வருகிறது. அந்தக் கசிவைச் சாதாரணக் குரங்கில் காண முடியவில்லை.

அதற்காகச் சுண்டெலிக்குப் போனார்கள். அங்கே வேறு தடை. டெங்கு வைரசு மனிதக் கலத்துக்குள் நுழைந்ததும், இன்டர்பெரோன் என்ற அபாய அறிவிப்பைக் கொண்டுசெல்லும் ஒரு புரதத்தை அழித்துவிடுகிறது. சுண்டெலியின் அதே புரதத்தை அதனால் அழிக்க முடிவதில்லை. எனவே சாதாரணச் சுண்டெலி டெங்குவை இலகுவாக வென்றுவிடும். இன்டர்பெரோன் ஏற்பிகளே இல்லாதபடி வளர்த்த சுண்டெலிகளில்தான் டெங்கு வளர்ந்தது. 2010இல் கலிபோர்னியாவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே செய்தியைக் கூறின: கொல்லாத அளவு வைரசு கொடுத்த சுண்டெலிக்குக் கொஞ்சம் பிறபொருளெதிரியும் சேர்த்துக் கொடுத்தால் அது செத்துப்போனது, குருதிக் குழாய்க் கசிவும் தெரிந்தது. பிறபொருளெதிரியின் வாற்பகுதியை மாற்றி, பெருவிழுங்கிக் கலம் பிடிக்க முடியாமல் செய்தபோது அது கொல்லவில்லை, காத்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் பீரிஸ் கலத்தில் கண்டது, உயிருள்ள உடலில் உறுதியானது. 2014இல் சிங்கப்பூர்க் குழு டெங்கு-1 தொற்றிய தாய்ச் சுண்டெலிகளின் குட்டிகளுக்கு டெங்கு-2 கொடுத்தபோது, சாதாரணத் தாயின் குட்டிகளைவிட நோய் கடுமையாயிற்று. பாங்கொக் கைக்குழந்தைகளின் கதை இப்போது எலிக்கூண்டில் தெரிந்தது.

எனினும் இது பாதி உடல் கொண்ட பிராணி. இன்டர்பெரோன் இல்லாத சுண்டெலி காட்டும் எதையும் அப்படியே கல்முனைப் பிள்ளைக்குப் பொருத்த முடியாது. சமூகங்களில் நடந்ததை எண்ணிப் பார்த்தவர்களின் சான்று சேர்ந்தபோதுதான் வாதம் நிமிர்ந்து நின்றது. அதில் கியூபாவின் பதிவுகளுக்கு இணை வேறெங்கும் இல்லை. 1977இல் அத்தீவில் டெங்கு-1 பரவியது. 1981இல் டெங்கு-2 வந்தது: 3,44,203 நோயாளர், 158 மரணம், அதில் 101 பேர் பிள்ளைகள். 1997இல் சாந்தியாகோ நகரில் டெங்கு-2 மறுபடி வந்தது. இம்முறை இறந்த 12 பேரும் வளர்ந்தவர்கள். 1977இன் டெங்கு-1 அலையைக் கண்டிருக்கக்கூடிய தலைமுறை. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு முந்திய தொற்று இல்லை, அவர்கள் தப்பினார்கள். மரியா குவாதலூப்பே குஸ்மானும் அவரது குழுவினரும் காட்டியபடி, இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்த இரண்டாம் தொற்று நான்கு ஆண்டு இடைவெளியில் வந்ததைவிட ஆபத்தானதாக இருந்தது. காலம் செல்லச் செல்ல ஆபத்துக் குறையும் என்று எந்தச் சாதாரண அறிவும் சொல்லும். டெங்கு அதைக் கேட்கவில்லை.

2017இல் நிக்கராகுவாவிலிருந்து அளவைப் பற்றிய விடை வந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் இரத்தத்தை ஆண்டுதோறும் சோதித்து வந்த குழு, பிறபொருளெதிரி அறவே இல்லாதவர்களுக்கும் நிறைய உள்ளவர்களுக்கும் கடும் டெங்கு குறைவு என்றும், இடைப்பட்ட ஒரு குறுகிய அளவில் இருந்தவர்களுக்கே ஆபத்துப் பல மடங்கு என்றும் காட்டியது. ஹோல்ஸ்டெட்டின் குரங்குகள், பீரிஸின் கலங்கள், கலிபோர்னியச் சுண்டெலிகள் எல்லாம் முன்பே சுட்டியது அந்த இடைநிலையைத்தான்.

இலங்கைக்கு வருவோம். டெங்கு இங்கே இரத்தப் பரிசோதனையில் உறுதியானது 1962இல். நான்கு வகைகளும் நெடுங்காலம் சுற்றிக்கொண்டிருந்தும் இரத்தக்கசிவுக் காய்ச்சல் அலையாக வந்தது 1989இல்தான். நான்கு வகையும் இருந்தால் மட்டும் போதாது, வைரசின் மரபுக்கிளையும் முக்கியம் என்பதற்கு இலங்கையின் டெங்கு-3 பற்றிய ஆய்வுகள் உலகளவில் எடுத்துக்காட்டப்படுகின்றன. பிறகு 2009 முதல் பல ஆண்டுகள் டெங்கு-1 ஆதிக்கம். 2016இல் டெங்கு-2 திரும்பி வந்தது. 2017 பங்குனியில் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா கதறியது. அங்கு பாடசாலைகள் மூடப்பட்டன. அந்த ஆண்டு முடிவில் நாட்டில் 1,86,101 நோயாளர், 440 மரணம். முதலில் ஒரு வகை, சில ஆண்டு கழித்து இன்னொரு வகை: கியூபாவின் 1977உம் 1981உம் நம் நாட்டில் நடந்தேறியது போலிருந்தது.

பிறபொருளெதிரியோடு கதை முடிவதில்லை. உடலில் இன்னொரு நினைவு உண்டு: தொற்றிய கலங்களைத் தேடிக் கொல்லும் ரி கலங்கள். இரண்டாம் தொற்றில் இந்தக் கலங்களே நோயைக் கிளப்புகின்றன என்று நெடுநாள் ஒரு வாதம் இருந்தது. சுண்டெலியில் இந்தக் கலங்களை அகற்றிப் பார்த்தபோது வைரசு கூடியது. அவை காப்பவை என்று தெரிந்தது. மனிதரிலும் அப்படியா என்று கேட்டபோது இரத்தம் கொழும்பிலிருந்துதான் கிடைத்தது. கொழும்பின் இரத்த தானக்காரர்களின் மாதிரிகளை தர்ஷன் டி சில்வாவும் கலிபோர்னிய ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். கடும் டெங்குவுக்கு எதிராகக் காப்பளிக்கும் மரபு வகை உள்ளவர்களிடம் ரி கலங்களின் பதில் வலுவாக இருந்தது. பெயர் சொல்லாமல் கையை நீட்டி இரத்தம் கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்துப் போனவர்கள் உலக அறிவுக்குச் சேர்த்த பங்கு அது.

கோவிட் இந்தக் கேள்வியை எல்லா வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தது. 2020இல் அமெரிக்காவில் டான் பரூக்கின் குழு ஒன்பது ரீசஸ் குரங்குகளுக்கு வைரசைத் தொற்ற வைத்து, 35 நாள் கழித்து மறுபடி கொடுத்தது. நுரையீரலில் வைரசு ஏறக்குறைய இல்லை; மூக்கில் குறைந்த அளவில் சில நாள் மட்டும். தொடர்ந்த ஆய்வில் ரி கலங்களை அகற்றிய குரங்குகளில் காப்புத் தளர்ந்தது. தொற்றினால் காப்பு உண்டு என்று உலகம் ஆறுதலடைந்தது. ஆனால் 35 நாள் என்பது 35 நாள்தான். 2021 கார்த்திகையில் ஒமிக்ரோன் வந்தபோது முன்பு தொற்றியவர்களுக்கும் மறுபடி தொற்றியது. எனினும் கடும் நோய்க்கும் மரணத்துக்கும் எதிரான காப்புப் பெருமளவு நின்றது. வெக்கை போலவும் இல்லை, டெங்கு போலவும் இல்லை; மூன்றாவது வழி.

இந்தக் கரைக்குக் கோவிட் காலத்தின் இன்னொரு வடு உண்டு. 2020 சித்திரையில் கோவிட் ஜனாசாக்களைக் கட்டாயமாக எரிக்கும் விதி வந்தது. அடக்கினால் வைரசு நிலத்தடி நீரில் பரவும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தை அனுமதித்திருந்தது. நிலத்தடி நீர்வழிப் பரவலுக்கு எந்தப் பிராணியிலோ மனிதரிலோ சான்று இருக்கவில்லை. 2021 மாசியில் விதி தளர்ந்தது, பங்குனியில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது; 2024 ஆடியில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அறிவியலின் பெயரால் சொல்லப்படும் எதற்கும் "எந்தச் சான்று?" என்று கேட்கும் உரிமையை இந்த ஊர்கள் மிகக் கசப்பான விலை கொடுத்து வாங்கியிருக்கின்றன. அந்த உரிமையைத் தடுப்பூசி விடயத்திலும் அறிவோடு பயன்படுத்த வேண்டும்.

ஏனெனில் டெங்குத் தடுப்பூசியில் பிராணிகளின் எல்லை மிகத் துன்பமான முறையில் வெளிப்பட்டது. டெங்வாக்சியா என்ற தடுப்பூசி குரங்குகளில் நன்றாகவே வேலை செய்தது. ஊசி போட்டுச் சில மாதம் கழித்து வைரசு கொடுத்தபோது பெரும்பாலான குரங்குகள் தப்பின. 2016 சித்திரையில் பிலிப்பைன்ஸ் பாடசாலைகளில் திட்டம் தொடங்கி, எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போடப்பட்டது. 2017 கார்த்திகையில் உற்பத்தியாளரே அறிவித்தார்கள்: முன்பு டெங்கு தொற்றியிராதவர்களுக்கு ஊசிக்குப் பிறகு வரும் தொற்று கடுமையாகக்கூடும். ஊசியே முதல் தொற்றுப் போல் நடந்து, பிறகு வரும் உண்மையான தொற்றை இரண்டாம் தொற்றுப் போலாக்குகிறது என்பது அதற்கான விளக்கம். ஹோல்ஸ்டெட் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். குரங்குச் சோதனை பொய் சொல்லவில்லை. மாதங்களைக் கேட்டார்கள், மாதங்களுக்கு விடை கிடைத்தது. கேட்டிருக்க வேண்டியது ஆண்டுகளை. திட்டம் நின்றது, அந்நாட்டில் மற்றத் தடுப்பூசிகள் மீதும் நம்பிக்கை சரிந்து, 2019இல் சின்னமுத்து பெரிதாகப் பரவியது.

இப்போது இன்னொரு தடுப்பூசி உண்டு: கியூடெங்கா. முன்பு தொற்றியவர்களுக்கு நல்ல காப்பு. தொற்றியிராதவர்களுக்கு டெங்கு-2க்கு எதிராக நன்றாக வேலை செய்கிறது; டெங்கு-3க்கு எதிராக அவர்களிடம் காப்பைக் காட்ட முடியவில்லை. எனவே உலக சுகாதார நிறுவனம் அதை டெங்கு அதிகம் பரவும் இடங்களில் 6 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கிறது. "அதிகம்" என்பதற்கு அது வைக்கும் அளவுகோல்களில் ஒன்று, ஒன்பது வயதாகும்போது 60 வீதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு முன்பே தொற்றியிருக்க வேண்டும் என்பது.

நம்மிடம் எவ்வளவு? ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் நீலிகா மலவிகே குழுவினர் ஒன்பது மாவட்டங்களில் 10 முதல் 19 வயது வரையான ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். மொத்தத்தில் 24.8 வீதம் பேருக்கே டெங்கு தொற்றிய அடையாளம் இருந்தது. ஆனால் மாவட்டத்துக்கு மாவட்டம் எவ்வளவு வேறுபாடு! மலைநாட்டுப் பதுளையில் ஏறக்குறைய 14 வீதம். கிழக்கின் சார்பில் எடுத்த திருகோணமலையில் 54 வீதம், எல்லாவற்றிலும் அதிகம். கிண்ணியாவின் 2017 அலையின் சுவடும் அந்த எண்ணில் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையைத் திறந்தால் அம்பாறை ஒரு வரி, கல்முனை இன்னொரு வரி. கரையோர ஊர்கள் கல்முனை என்ற தனிச் சுகாதாரப் பிராந்தியமாக எண்ணப்படுவதால் நோயாளர் தொகை நமக்குத் தனியே கிடைக்கிறது. அது பெரிய வசதி. ஆனால் நோயாளர் தொகை வேறு, எத்தனை பிள்ளைகளின் இரத்தத்தில் பழைய டெங்குவின் அடையாளம் உண்டு என்பது வேறு. தொற்றியும் காய்ச்சலே வராத பிள்ளைகள் ஏராளம். அவர்கள் எந்த வாராந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. அடுத்த முறை வேறு வகை வரும்போது விடுதிக் கட்டிலுக்கு வருபவர்கள் அவர்களாக இருக்கலாம்.

கல்முனைக்குடி, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் வீடுகள் சுவரோடு சுவராக நெருங்கி நிற்கின்றன. சுனாமிக்குப் பின் எழுந்த தொடர்மாடிகளில் ஒவ்வொரு கூரையிலும் தண்ணீர்த் தாங்கி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பார்ப்பது குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தண்ணீர்த் தட்டு, பூச்சாடியின் அடித்தட்டு, மூடாத தாங்கி, அடைபட்ட பீலி. ஏடிஸ் நுளம்பு சில நூறு மீற்றருக்குள்தான் பறக்கும். ஆகவே பதினைந்து நிமிடத்தில் நடந்து போகக்கூடிய இரண்டு ஊர்களில், ஒன்றில் ஐந்தில் நான்கு பிள்ளைகளுக்குத் தொற்றியும் மற்றதில் ஐந்தில் ஒருவருக்கே தொற்றியும் இருக்கலாம். பொலன்னறுவைக் குரங்குகளுக்கு இடையே இருந்தது ஐந்து கிலோமீற்றர் தூரம்தான்.

எனவே இங்கு டெங்குத் தடுப்பூசி பற்றிய பேச்சு எழும்போது, போடலாமா வேண்டாமா என்று மேடையில் வாதிடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மாரிக்கு முன், புரட்டாதியில், கல்முனைப் பிராந்தியத்தின் ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடமிருந்து பெற்றோர் சம்மதத்தோடு சிறிது இரத்தம் எடுத்து, டெங்குப் பிறபொருளெதிரி உள்ளோர் எத்தனை வீதம் என்று ஊர்வாரியாகப் பார்க்க வேண்டும். யப்பானிய மூளையழற்சித் தடுப்பூசி இந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் போடப்படுகிறது. அதுவும் டெங்குவின் உறவு வைரசு என்பதால் சோதனை அந்தக் குழப்பத்தைப் பிரித்தறியக்கூடிய வகையாக இருக்க வேண்டும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும், வைத்தியசாலை ஆய்வுகூடங்களும், பாடசாலை அதிபர்களும், பள்ளிவாசல் நிருவாகங்களும் சேர்ந்தால் செய்யக்கூடிய வேலை இது. அந்த எண் கையில் வந்தபின், தொற்று அதிகமான ஊரின் உம்மாவுக்கும் குறைவான ஊரின் உம்மாவுக்கும் வைத்தியர் வெவ்வேறு விடை சொல்ல முடியும். இரண்டும் சரியான விடையாக இருக்கும்.